பேயா, செம்பா?



இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றேனும் இல்லாத வீடு இன்று நம்மிடையே இல்லை. சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று வரிசையாக எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, இருக்கவேண்டிய அளவு. அந்த எண்களுள் ஒன்று ஒரு பிள்ளையின் மனத்தைப் பற்றிப் பேசுமா? நேற்றுவரை அடக்கமாக இருந்த பிள்ளை இன்று ஏன் கைநீட்டி அடிக்கிறான், ஏன் படிப்பில் சரிகிறான், ஏன் காரணமின்றிச் சிரிக்கிறான் என்பதை ஒரு துளி இரத்தம் எடுத்துரைக்குமா? இக்கேள்விக்குப் பெரும்பாலும் "உரைக்காது" என்பதே விடை. ஆயினும், "உரைக்கும்" என்று உறுதியாக விடை வருகின்ற இடமும் உண்டு. அந்த இடம் இன்னதென்று அறியாமையால் சில பிள்ளைகள் பள்ளியை இழக்கிறார்கள். சிலர் உயிரையே இழக்கிறார்கள். அதைப் பற்றித் தங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். வரலாற்றைப் பாடமாக எடுத்துக் கலைப் பட்டம் பெற்றவன். இருபதாண்டுக் காலமாக மதரஸாவில் ஓதிக்கொடுத்து வருபவன். ஆகையால் மருத்துவ நூலைக் கையிலெடுத்தாலும் வரலாற்று மாணவனின் கண்தான் முந்திக்கொள்கிறது. யார், எப்போது, எதை நம்பினார்கள்? பிறகு எதனால் அதைக் கைவிட்டார்கள்? இப்படிப் படிக்கப் போய்த்தான் நொதிகளின் கதை என்னை இழுத்துக்கொண்டது.

நொதி என்பதைத் தங்கள் பிள்ளைகள் என்சைம் என்று படிக்கிறார்கள். உடலுக்குள் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றித் தரும் வேலையாட்கள் என்று அவற்றைக் கொள்ளலாம். உண்ட சோறு சர்க்கரையாவதும், மூளையில் ஒரு நரம்பு மற்றொரு நரம்புக்குச் செய்தி அனுப்புவதும் இவற்றின் கைவேலை. அப்படியானால், மனம் பிறழ்ந்தவரின் இரத்தத்தில் ஏதோ ஒரு நொதி கூடியோ குறைந்தோ இருக்கவேண்டுமே என்று அறிஞர்கள் எண்ணியது இயல்புதான். மனநோயை இரத்தத்தில் கண்டுபிடித்துவிட்டால், பேய் என்றும் சாபம் என்றும் பெற்றோரின் வளர்ப்புக் குறை என்றும் சொல்லப்படும் பழிகளெல்லாம் ஒரே நாளில் அகன்றுவிடுமல்லவா?

1957ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியலார் ஸ்டிக் ஆக்கர்ஃபெல்ட் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு வேதிப்பொருளை நோயாளியின் இரத்த நீரோடு கலந்தால் அது சிவக்கும். மனநோயாளிகளின் இரத்தத்தில் அது விரைவாகச் சிவந்தது; மற்றவர்களின் இரத்தத்தில் மெதுவாகச் சிவந்தது. சிவக்கச் செய்தது செருலோபிளாஸ்மின் என்னும் நொதி. செம்பைத் தன்னகத்தே கொண்டது. தூய்மையாகப் பிரித்தெடுத்தால் வானம்போல் நீலமாக இருக்கும். அதன் பெயரிலேயே நீலம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் இருக்கிறது. மனச்சிதைவு நோய்க்கு இரத்தப் பரிசோதனை வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு நடந்ததுதான் சுவையானது. இரத்தத்தில் வைட்டமின் சி இருந்தால் அந்தச் சிவப்புத் தாமதமாகும். ஆண்டுக்கணக்கில் மனநல விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குப் பழமும் பச்சைக் காய்கறியும் போதிய அளவு கிடைப்பதில்லை. ஆகவே அவர்கள் இரத்தத்தில் வைட்டமின் சி குறைவு. ஆகவே விரைவில் சிவந்தது! சோதனை கண்டுபிடித்தது நோயை அன்று, விடுதிச் சாப்பாட்டை. அமெரிக்க அறிஞர் சீமோர் கெட்டி 1959இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் தராசில் வைத்து நிறுத்து, எடை போதாது என்று எழுதினார்.

1968இல் ஹெர்பர்ட் மெல்ட்சர் என்பவர், கடும் மனப்பிறழ்ச்சியில் வந்தோரின் இரத்தத்தில் தசைக்குரிய ஒரு நொதி உயர்ந்திருக்கக் கண்டார். ஆனால் தசையில் ஊசி போட்டாலும் அந்நொதி உயரும். முரண்டுபிடித்துப் போராடினாலும் உயரும்.

பிள்ளைகளிடமும் தேடினார்கள். டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸ் என்று நீண்ட பெயருடைய நொதி ஒன்று உண்டு. டோபமின் என்னும் நரம்புச் செய்திப் பொருளை நார்அட்ரீனலின் என்னும் மற்றொரு பொருளாக மாற்றுவது அதன் பணி. அதுவும் செம்பின்றி இயங்காது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் கிரஹாம் ரோஜெனஸ் என்ற மனநல மருத்துவரும் அவரைச் சார்ந்தோரும், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த சிறுவர்களின் இரத்தத்தில் இந்நொதியை அளந்தார்கள். எவரோடும் ஒட்டாமல் அடாவடி செய்து திரிந்த சிறுவர் சிலரிடம் அது மிகக் குறைந்திருப்பதாக 1980களில் எழுதினார்கள். குறும்புக்கு நொதியே காரணம் என்று எவரும் மகிழ்ந்துவிட வேண்டா. இந்நொதி பச்சிளம் குழந்தையின் இரத்தத்தில் மிகக் குறைவாக இருந்து, வளர வளரக் கூடுவது; ஆளுக்கு ஆள் பன்மடங்கு வேறுபடுவது. அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி பிறவியிலேயே மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது என்று 2001இல் வெளிவந்த ஆய்வு தெளிவாக்கிற்று. இரத்தத்தில் அது மிகமிகக் குறைந்தவர்கள் பலர் எந்த மனநோயும் இல்லாமல், நம்மைப்போலவே கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்து கொண்டிருக்கிறார்கள்.

இவற்றை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளைக்குத் துறுதுறுப்பு மிகுதி, பேச்சு வரவில்லை, முகம் கொடுத்துப் பழகவில்லை என்று பெற்றோர் கலங்கி நிற்கும்போது, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு பல பக்கச் சீட்டுத் தரும் சோதனைக் கூடங்கள் இன்று இருக்கின்றன. ஆட்டிசம், கவனக்குறைவு, துறுதுறுப்பு, மனச்சிதைவு ஆகிய எதையும் இரத்த நொதி ஒன்றை அளந்து உறுதி செய்ய இன்றுவரை வழியில்லை. அனுபவமுள்ள மருத்துவர் பிள்ளையோடு அமர்ந்து, பேசி, விளையாடவிட்டுப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மருத்துவர் இரத்தம் எடுக்கச் சொல்வது பெரும்பாலும், மனநோய்போல் வேடமிட்டு வந்திருக்கும் வேறொரு நோயை விலக்குவதற்காகவே.

அந்த வேடதாரிகளுள் ஒன்றைப் பற்றித்தான் நான் சொல்லவந்தது. இங்கே அதே நீல நொதி, செருலோபிளாஸ்மின், மறுபடியும் வருகிறது. இம்முறை அது பொய் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஒரு பிள்ளை ஓதிக்கொண்டிருந்தான். பெயர் வேண்டா. பன்னிரண்டு வயது, ஏழு ஜுஸ்உ மனனம் செய்திருந்தான். குரல் இனிமையைக் காட்டிலும் அவனுடைய உச்சரிப்புத் திருத்தம்தான் எனக்குப் பெருமை. ஒவ்வோர் எழுத்தும் நாவிலும் தொண்டையிலும் உதட்டிலும் பிறக்கவேண்டிய இடத்தை நாங்கள் மக்ரஜ் என்போம். பிள்ளைகள் பொருள் பிசகினால்கூட எங்கள் காது சில நேரம் கண்ணயரும். மக்ரஜ் பிசகினால் உடனே விழித்துக்கொள்ளும். ரமளான் விடுமுறை முடிந்து வந்தவனின் ஓதலில் 'ரா' உருளவில்லை. 'லாம்' எழுத்தும் 'தால்' எழுத்தும் ஒன்றோடொன்று குழைந்தன. சோம்பலில் ஓதுபவனின் பிழை வேறு மாதிரி இருக்கும். அவன் எழுத்தை விழுங்குவான், இடத்தை மாற்றமாட்டான். இவனோ நாவை அந்த இடத்துக்குக் கொண்டுபோக முயன்று, முடியாமல் திணறினான். உதட்டோரம் எச்சில் வழிந்து சட்டையின் கழுத்துப் பட்டையை நனைத்தது. முத்துப்போன்ற அவன் கையெழுத்து வரிக்கு வரி சிறுத்து, கோணி, கோட்டைவிட்டு இறங்கியது.

வீட்டாருக்குத் தெரிந்தது வேறு. இரவில் அழுதான், தங்கையை அடித்தான், பள்ளியில் புத்தகத்தைக் கிழித்தான். பக்கத்துத் தெருவில் மைய்யித்து வீட்டுக்குப் போனவன், ஜனாஸாவைத் தூக்கும் நேரத்தில் உரக்கச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஊரில் எவருக்கும் ஐயமில்லை. பிள்ளைக்கு ஏதோ 'பிடித்துவிட்டது'. மூன்று வியாழக்கிழமைகள் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கழுத்தில் ஒரு தாயத்து, இடுப்பில் ஒரு தாயத்து. பிள்ளை மெலிந்துபோனான் என்று அவனுடைய நன்னி கிழமை தவறாமல் ஆட்டீரல் வாங்கி மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார்.

இந்த ஈரலைப் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது எனக்கு உடல் நடுங்கியது. அன்பினால் ஊட்டிய அந்த மூதாட்டிக்கு, உணவுப் பொருள்களில் செம்பு மிகுந்தவற்றுள் ஈரல் முதன்மையானது என்பது எப்படித் தெரியும்?

பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் கொடுத்த மாத்திரையில் பிள்ளையின் கழுத்து விறைத்தது, விழுங்குவதற்கே சிரமப்பட்டான். அந்த மாத்திரைகளைப் பழிப்பது என் நோக்கமன்று. மனச்சிதைவால் துன்புறும் எத்தனையோ பேரை வீட்டோடும் தொழிலோடும் வாழவைப்பவை அவைதாம். ஆனால், இவனுக்கு இருந்த நோயில் அவை சில வேளை விறைப்பையும் நடுக்கத்தையும் மிகுதிப்படுத்திவிடும்.

அவன் அத்தா சவூதியில் வேலையாக இருந்தார். ஒருநாள் மாலை நன்னி அவனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு மதரஸாவுக்கே வந்துவிட்டார்.

"ஹஜ்ரத், நீங்கதான் ஒருதடவை ஓதிப் பாருங்களேன். உங்க பிள்ளையா நினைச்சுக்குங்க."

"ஓதுகிறேன் பெரியம்மா. ஆனால், இவன் நாக்கு தளர்ந்திருக்கிறது. கெட்ட பேச்சுப் பேசுகிற நாக்கன்று இது. பேசவே முடியாத நாக்கு. நரம்பு டாக்டரிடம் காட்டவேண்டும். ஓதிக்கொண்டே பஸ் ஏறுவோம், வாருங்கள்" என்றேன்.

மறுநாள் நானும் உடன் போனேன். மாவட்டத் தலைநகரின் மருத்துவமனை, நீண்ட வரிசை. நரம்பியல் பிரிவில் இருந்தவர் பிள்ளையைக் கையை நீட்டச் சொன்னார், எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு எங்களைக் கண் பிரிவுக்கு அனுப்பினார். வாய் குழறுகிறது என்று வந்தால் கண்ணைப் பார்க்கச் சொல்கிறாரே என்று நன்னிக்கு வருத்தம். அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர், ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியில் அவன் மோவாயை வைத்து ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தம் மூத்தவரை அழைத்துக் காட்டினார். கருவிழியின் விளிம்பைச் சுற்றிப் பொன்னும் பச்சையும் கலந்த பழுப்பு வளையம் ஒன்று இரு கண்களிலும் இருந்தது. அது செம்பு. அடுத்த வாரம் வந்த இரத்தச் சீட்டில் செருலோபிளாஸ்மின் 5 என்றிருந்தது. 100 மில்லிலிட்டர் இரத்த நீரில் 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய நொதி அது.

வில்சன் நோய் என்பது அதன் பெயர். 1912ஆம் ஆண்டு இலண்டனில் கின்னியர் வில்சன் என்னும் நரம்பியல் மருத்துவர், இளவயதினர் சிலரைப் பற்றி மிக நீண்டதோர் ஆய்வுரை எழுதினார். கைகால் நடுங்கி, பேச்சுக் குழறி, குணம் மாறி அவர்கள் இறந்தார்கள். இறந்தபின் பார்த்தால் மூளையின் ஒரு பகுதி சிதைந்திருந்தது. உயிரோடிருந்தபோது எந்தக் குறையும் காட்டாத கல்லீரலோ சுருங்கி இறுகிப் போயிருந்தது. கல்லீரலுக்கும் மூளைக்கும் என்ன உறவு என்று அவர் வியந்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1902இலும் 1903இலும், கெய்சர், ஃபிளைஷர் என்னும் இரு ஜெர்மானியக் கண் மருத்துவர்கள் அந்த விழி வளையத்தைக் கண்டு எழுதியிருந்தார்கள். ஒன்று கண் மருத்துவர் படிக்கும் ஏட்டில், மற்றொன்று நரம்பு மருத்துவர் படிக்கும் ஏட்டில்! செம்புதான் குற்றவாளி என்பது 1948இல்தான் தெளிவாயிற்று. அதே ஆண்டில் சுவீடனில் செருலோபிளாஸ்மின் பிரித்தெடுக்கப்பட்டது. 1952இல், இந்நோயாளிகளின் இரத்தத்தில் அது குறைந்திருக்கிறது என்று கண்டார்கள்.

உடலுக்குள் நடப்பது இதுதான். நாம் உண்ணும் தானியத்திலும் பருப்பிலும் கறியிலும் சிறிது செம்பு இருக்கிறது. உடலுக்கு வேண்டியது அணுவளவே. கல்லீரல் அதை வாங்கி, தேவையானதைச் செருலோபிளாஸ்மினுக்குள் பதித்து இரத்தத்தில் அனுப்புகிறது; மிஞ்சியதைப் பித்தநீர் வழியே வெளியே தள்ளுகிறது. இவ்விரு வேலைகளையும் செய்யும் ஒரு புரதம் சிலருக்குப் பிறவியிலேயே பழுது. அதற்குரிய மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. பழுதானவர் கல்லீரலில் செம்பு தேங்குகிறது. நிரம்பி வழிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. செம்பு ஏறாத செருலோபிளாஸ்மின் இரத்தத்தில் நெடுநேரம் நிலைக்காமல் சிதைந்துவிடுகிறது. ஆகவேதான் சீட்டில் எண் குறைகிறது. உடல் முழுதும் செம்பு வெள்ளமாய் நிற்கையில், செம்பைச் சுமக்கும் நொதி மட்டும் வறண்டிருக்கும் விந்தை இது.

இந்நோய் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒருவருக்கு வருவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடையில் தலைகாட்டும். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கல்லீரலில் தொடங்கும்: மஞ்சள் காமாலை, வயிறு வீங்குதல். பத்து வயதைத் தாண்டியவர்களிடம் கையெழுத்திலும் பேச்சிலும் குணத்திலும் தொடங்கக்கூடும். பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவன மருத்துவர்கள் முப்பதாண்டுகளில் தாங்கள் கண்ட 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி 2007இல் எழுதியிருக்கிறார்கள். நம் அண்டை மாநிலத்தில் ஒரே இடத்தில் இத்தனை பேர் என்றால், மஞ்சள் காமாலையென்றும் பேயென்றும் பெயர் பெற்று மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

நொதியின் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்து ஓராண்டு ஆகாத குழந்தைகளுக்கு அது இயற்கையாகவே குறைவு. காய்ச்சல், அழற்சி, கர்ப்பம் ஆகியவற்றில் அது உயரும். எனவே நோயிருந்தும் எண் சரியாகத் தோன்றலாம். நோயில்லாமல், பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களுக்குச் சிறிது குறைந்தும் காணலாம். ஆகவே, இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அதில் செம்பை அளக்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள், தேவையானால் மரபணுவையும் பார்க்கிறார்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது என்பதுதான் இக்கதையில் நான் தேடிய ஒளி. 1956இல் ஜான் வால்ஷ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பெனிசிலின் உடலில் சிதையும்போது தோன்றும் பெனிசிலமைன் என்ற பொருள் செம்பைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் இறங்கிவிடும் என்று காட்டினார். நோயாளிக்குக் கொடுக்குமுன் அதைத் தாமே விழுங்கிப் பார்த்தவர் அவர். அவரே பிற்பாடு டிரையென்டைன் என்னும் மற்றொரு மருந்தையும் கொண்டுவந்தார். குடல் செம்பை உறிஞ்சாதபடி தடுக்கும் துத்தநாக மாத்திரையும் உண்டு. 1912இல் மரண தண்டனையாக இருந்த நோய், நாள்தோறும் மாத்திரை விழுங்கும் கட்டுப்பாடாகச் சுருங்கிற்று. ஆனால், அது ஆயுள் முழுவதற்குமான கட்டுப்பாடு. நன்றாகிவிட்டதே என்று நிறுத்தினால், சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ கல்லீரல் செயலிழந்து உயிருக்கே முடிவாகலாம்.

எங்கள் பிள்ளையின் வீட்டில் அந்த ஆபத்து ஏறக்குறைய வந்துவிட்டது. மருந்து உறைகளில் வருகிறது. உறை விலங்குக் கொழுப்பால் ஆனது, ஹராம் என்று எவரோ சொல்லிவிட்டார்கள். பத்து நாள் நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரியவந்ததும் எங்கள் வட்டாரத்தின் மூத்த ஆலிம் ஒருவரிடம் நன்னியை அழைத்துச் சென்றேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். இதற்கு ஈடாக வேறு மருந்து கைக்கெட்டுகிறதா? நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தா? விடைகளைக் கேட்டுவிட்டு, "இது ளரூரத். நிறுத்துவதுதான் பாவம்" என்றார். அன்றிரவே மருந்து தொடர்ந்தது. வெறும் வயிற்றில் விழுங்கவேண்டிய மருந்தாதலால் நோன்பைப் பற்றியும் கேட்டோம். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் சலுகையை மறுப்பதற்கு நீ யார் என்று பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

சவூதியிலிருந்து அவன் அத்தா தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், எங்க குடும்பத்துல யாருக்குமே இப்படி இல்லையே? எப்படி வந்துச்சு?" என்று கேட்கும்போதே அவர் குரல் உடைந்தது. யாருக்கும் இல்லாமலேதான் இது வரும். தாய் ஒரு பழுதான மரபணுவையும் தந்தை ஒரு பழுதான மரபணுவையும் சுமக்கலாம். இருவரும் நூறாண்டு நலமாக வாழ்வார்கள். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் திடீரென்று நிறுத்தினார். "எங்க அக்கா ஒருத்தி பதினாறு வயசுல மஞ்சக்காமாலையில மவுத்தானாங்க" என்றார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

உடன்பிறந்தவர்களை உடனே சோதிக்கவேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். மூத்தவளுக்கு எண் சரியாக இருந்தது. ஒன்பது வயதுத் தங்கைக்கு 8. அந்தக் குழந்தை ஓடியாடிக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதல் மாணவி. கண்ணில் வளையம் இல்லை. கல்லீரலைக் காட்டும் நொதிகள் மட்டும் சற்றே உயர்ந்திருந்தன. அண்ணனின் நாக்கு குழறியிராவிட்டால் இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் இவளுக்கும் தாயத்துக் கட்டியிருப்பார்கள். நோய் வெளிப்படுமுன் மருந்து தொடங்கியவர்கள் ஒழுங்காகத் தொடர்ந்தால் பெரும்பாலும் நோயைக் காணாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். இன்று அவள் பள்ளி மேல்வகுப்பில் படிக்கிறாள். ஈரலும் இறாலும் அந்த வீட்டுச் சமையலறைக்குள் வருவதில்லை. செம்புக் குடத்துத் தண்ணீர் உடலுக்கு நல்லது என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு. அந்த வீட்டில் செம்புக் குடம் பரணில் கிடக்கிறது.

அண்ணனுக்கு அவ்வளவு எளிதாக அமையவில்லை. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்கள் நடுக்கம் கூடிற்று. சிலருக்கு அப்படி நேர்வதுண்டாம். ஓராண்டுக்குப் பின் கோபம் தணிந்தது, அழுகை நின்றது, கையெழுத்து ஓரளவு மீண்டது. பேச்சு முழுமையாக மீளவில்லை. ஏழு ஜுஸ்உகளும் அவன் நெஞ்சில் அப்படியே இருக்கின்றன. நாவுதான் பின்தங்கி வருகிறது. இப்போது அவன் அத்தா தொடங்கியிருக்கும் கடையில் கணக்கு எழுதுகிறான். வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கண்டால் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக ஸலாம் சொல்வான். நான் நின்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

ஓதிப் பார்ப்பதை நான் எதிர்க்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டா. துஆ என் தொழிலோடும் மூச்சோடும் கலந்தது. துஆவைக் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப் போடுவதைத்தான் எதிர்க்கிறேன். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றிப் போனார்கள். 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008இல் மருந்தும் துஆவும் ஒருசேரக் கிடைக்கும்படி ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். அங்கே வருவோரை முஜாவர்களே மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள். அத்தகைய ஏற்பாடு பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. அந்த 28 பேரின் இரத்தத்தை எவரேனும் ஒருமுறையாவது சோதித்திருப்பார்களா என்று என் மனம் சில இரவுகளில் கேட்பதுண்டு.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். சொந்தத்தில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறது, கடமையாக்கவில்லை. இந்த வேறுபாட்டை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இம்மரபணுவைச் சுமப்பவர்கள் வெளியில் ஏறத்தாழத் தொண்ணூறில் ஒருவர். ஆனால், அதைச் சுமக்கும் ஒருவர் தம் மாமன் மகளையோ மாமி மகளையோ மணந்தால், அவளும் அதே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. தொண்ணூறு எங்கே, எட்டு எங்கே! சொந்தத்தில் மணந்த எத்தனையோ பேருக்கு நலமான பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள்; எவரையும் அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருப்பது தெரிந்த பின்பும் மறைத்துவைத்து மணம் பேசுவதைத்தான் சொல்கிறேன். நகையையும் வீட்டையும் பற்றி அவ்வளவு விசாரிக்கிறோமே!

அந்த வீட்டின் மூத்த பெண்ணை அவள் தாய்மாமன் மகனுக்குப் பேசியிருக்கிறார்கள். பிறந்த நாளிலிருந்தே பேசிவைத்ததுதான். அவளுக்கு நோயில்லை, ஆனால், மரபணுவைச் சுமப்பவளாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மாப்பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் குறைந்தது நான்கில் ஒன்று. பிறக்கும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால் தோராயமாக இருபத்து நான்கில் ஒன்று வருகிறது. நீல நொதியின் எண் இதற்கு விடை சொல்லாது. மரபணுச் சோதனைதான் சொல்லும். முதலில் நோயுற்ற தம்பியின் இரத்தத்தில் பழுது எந்த இடத்தில் என்று கண்டு, பிறகு இவர்கள் இருவரிடமும் அதே இடத்தைப் பார்க்கவேண்டும். செலவும் உண்டு, காத்திருப்பும் உண்டு.

பெண்ணின் தாய்மாமனுக்கு இது அவமானமாகப் பட்டது. "நம்ம இரத்தத்தையே சந்தேகப்படுறீங்களா ஹஜ்ரத்?" என்று பள்ளிவாசல் ஹவுளருகே நின்று கேட்டார். நான் விளக்க முயன்றேன். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளைப் பையன் இஷாவுக்குப் பின் மதரஸாவுக்கு வந்தான். திண்ணையில் அமர்ந்து வெகுநேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது, "அந்த டெஸ்டுக்கு எங்க போகணும் ஹஜ்ரத்? நானும் மச்சியும் ஒண்ணாவே குடுத்துடுறோம். அத்தாகிட்ட அப்புறம் சொல்லிக்கிறேன்" என்றான்.

மூவரின் இரத்தமும் போயிருக்கிறது. நிகாஹ் அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.